பாட்டுக்கு ஏது பேரேடு? 'பேட்டை ராப்' முதல் 'குதந்திரம்' வரை ஓர் எல்லைக் கடைக்காரனின் கணக்கு

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டு வந்தபோது, ஜைனிமேட்டுக் கோயிலைப் பற்றியோ காரிகை யாப்பைப் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். இரண்டையும் முன்பே எழுதியாயிற்று. படித்தவர்கள் இரண்டொருவர்தான் என்பதும் எனக்குத் தெரியும். இந்த முறை சினிமாப் பாட்டைப் பற்றி, அதிலும் ராப் பாட்டைப் பற்றி எழுதுகிறேன். பாத்திரக் கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மேலுக்குப் பாட்டைப் பற்றியது போலத் தோன்றினாலும் இது கணக்கைப் பற்றிய கட்டுரை. கணக்கு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

காரணமானவன் என் பேரன். 2025 நவம்பர் மாதம் கேரள அரசின் திரைப்பட விருதுகளை அறிவித்த அன்று கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடி வந்தான். "தாத்தா, வேடனுக்கு அவார்டு! பாட்டு எழுதினதுக்கு!" என்றான். 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்காக எழுதிய 'குதந்திரம்' என்ற ராப் பாட்டுக்குச் சிறந்த பாடலாசிரியர் விருது. மகிழ்ச்சிதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க காலத்துல நம்பர் ஒன் ராப் பாட்டு எது தாத்தா?" என்று கேட்டான். யோசிக்காமல் "பேட்டை ராப்" என்றேன். அடுத்த கேள்விதான் என்னை மடக்கியது: "எந்த லிஸ்ட்ல நம்பர் ஒன்? எத்தனை வாரம் இருந்துச்சு?"

நாற்பது ஆண்டு வியாபாரத்தில் இந்தக் கேள்வியை நானே பல பேரிடம் கேட்டவன். எந்தச் சரக்கு ஓடுகிறது, எவ்வளவு ஓடியது, யார் சொன்னது, ஏட்டைக் காட்டு. பேரனுக்குக் காட்ட என்னிடம் ஏடு இல்லை. ஏன் இல்லை என்று தேடிப் போனதில் தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ராப் என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்காக இரண்டு வார்த்தை. ராகத்தை இழுக்காமல், தாளக்கட்டுக்குள் சொல்லை வேகமாக அடுக்கிப் பேசுவதுதான் ராப். எதுகையும் மோனையும் இயைபும் சேர்ந்து ஓட வேண்டும், மூச்சு நிற்கக் கூடாது. 1970களில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பின இளைஞர்களும் தீவுகளிலிருந்து குடியேறியவர்களும் தெருக் கொண்டாட்டங்களில் வளர்த்த கலை. வீட்டை விட்டுப் பிழைக்கப் போனவர்களின் பங்கும் அதில் உண்டு என்பதை நம் சங்கத்தார் கவனிக்க வேண்டும். நமக்கு இது முழுக்கப் புதிதும் அல்ல. எங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் வந்து நின்று ஊர்க்கதையை மூச்சுவிடாமல் அடுக்குவான். இந்தப் பாலக்காட்டு மண்ணிலேயே, லக்கிடிக்குப் பக்கத்துக் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த குஞ்சன் நம்பியார் 18ஆம் நூற்றாண்டில் ஓட்டன் துள்ளலை உண்டாக்கி, வேகச் சொல்லால் பெரிய மனிதர்களையெல்லாம் கிண்டலடித்தார். அவரெல்லாம் ராப் பாடகர் என்று நான் சொல்ல வரவில்லை. காது பழகிய காதுதான் என்று மட்டும் சொல்கிறேன்.

இனிக் கணக்குக்கு வருவோம். மேல்நாட்டில் பாட்டுக்கு வாராவாரம் தரவரிசைப் பட்டியல் போடுகிறார்கள், 'சார்ட்' என்கிறார்கள். இங்கிலாந்தில் முதல் பட்டியலை 1952 நவம்பரில் ஓர் இசைப் பத்திரிகை போட்டது. எப்படிப் போட்டார்கள் தெரியுமா? சுமார் இருபது ரிக்கார்டுக் கடைகளுக்குப் போன் அடித்து, "இந்த வாரம் எது அதிகம் போச்சு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான். அமெரிக்காவில் 'பில்போர்டு' என்ற பத்திரிகை 1958 ஆகஸ்டில் நூறு பாட்டுப் பட்டியலைத் தொடங்கியது. அங்கும் ரேடியோக்காரர்களும் கடைக்காரர்களும் சொன்னதுதான் ஆதாரம். அதே 1952இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி 'பினாகா கீத்மாலா' நடத்தத் தொடங்கினார். இந்திப் பாட்டுகளுக்கு வரிசை சொல்லும் அந்த நிகழ்ச்சிக்கும் கடை விற்பனையும் நேயர் கடிதமும்தான் அடிப்படை.

கடையில் இருப்பவனைக் கேட்டு எழுதும் கணக்கு எப்படி இருக்கும் என்று வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சமயம் ஒரு குக்கர் கம்பெனியின் ஆள் என் கடைக்கு வந்து எது அதிகம் போகிறது என்று கேட்டார். கல்லாவில் நின்ற பையன், பரணில் தேங்கிக் கிடந்த சரக்கின் பெயரைச் சொன்னான். அப்படிச் சொன்னால் விளம்பரம் வரும், சரக்குத் தீரும் என்பது அவன் கணக்கு. பையனைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, நல்லெண்ணத்தில்தானே சொன்னான்! அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. கடைக்காரர்கள் தங்களுக்குப் பிடித்ததை, கம்பெனிக்காரன் தள்ளச் சொன்னதை, கௌரவமாகத் தெரிவதை முன்னால் சொன்னார்கள். கறுப்பினப் பையன்கள் வாங்கிப் போன ராப் ரிக்கார்டுகள் வாய்க்கணக்கில் பின்னால் தள்ளப்பட்டன.

1991இல் அது உடைந்தது. பில்போர்டு தன் ஆல்பப் பட்டியலை அந்த ஆண்டு மே மாத இறுதியிலிருந்தும், நூறு பாட்டுப் பட்டியலை நவம்பர் இறுதியிலிருந்தும் புதுக் கணக்குக்கு மாற்றியது. பார்கோடு படிக்கும் பில் மெஷினிலிருந்து நேரடியாக விற்பனை எண்ணிக்கை எடுத்தார்கள். யாரையும் கேட்கவில்லை, மெஷினைக் கேட்டார்கள். அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற லாஸ் ஏஞ்சலிஸ் ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்து நின்றது. பெரிய ரேடியோக்கள் தொடவும் தயங்கிய சரக்கு அது. கிராமியப் பாட்டுகளும் அப்படியே மேலே வந்தன. ஜனங்கள் ஒரே நாளில் ரசனை மாறிவிடவில்லை. அவர்கள் முன்பும் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள், எழுதுகிறவன்தான் எழுதவில்லை.

அதற்குப் பிறகு சினிமாவோடு சேர்ந்து வந்த ராப் பாட்டுகளின் வரலாறு அந்த ஊரில் வாரம் பிசகாமல் கிடைக்கிறது. 'டேஞ்சரஸ் மைண்ட்ஸ்' படத்துக்காகக் கூலியோ பாடிய 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்' 1995இல் வந்தது. மூன்று வாரம் முதலிடம், ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அந்த வருஷத்தின் முதல் பாட்டு. அதன் அடிமெட்டு ஸ்டீவி வொண்டர் 1976இல் செய்தது. '8 மைல்' படத்துக்கு எமினெம் எழுதிய 'லூஸ் யுவர்செல்ஃப்' 2002இல் வந்து பன்னிரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. 2003இல் ஆஸ்கர் வாங்கிய முதல் ராப் பாட்டும் அதுவே. பேரன் கேட்ட 'எத்தனை வாரம்' என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் உண்டு. ஆனால் அவர்கள் பட்டியலுக்கும் சட்டதிட்டம் இருந்தது. 1998 டிசம்பர் வரை, தனிப் பாட்டாகக் கடையில் விற்பனைக்கு வராத பாட்டு அந்த நூறில் நுழையவே முடியாது. ஊரே பாடினாலும் முடியாது. இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம் கதையில் இதற்கு வேலை இருக்கிறது.

'காதலன்' 1994 செப்டம்பரில் வெளியானது. ஷங்கர் இயக்கம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை, கே.டி.குஞ்சுமோன் தயாரிப்பு, ஆட்டம் பிரபுதேவா. 'பேட்டை ராப்' பாட்டின் சொற்களை ஷங்கரே எழுதினார். பாடியவர்கள் சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது, தேனி குஞ்சரம்மாள். நாட்டுப்புறக் குரலெடுத்துப் பாடும் அம்மாளையும் சென்னைப் பையன்களையும் ஒரே பாட்டில் கட்டிப் போட்டிருந்தார்கள். மெட்ராஸ் பாஷையும் இங்கிலீஷும் கலந்த அடுக்கு. படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். உண்மையைச் சொல்வதென்றால் நானும் சுளித்தேன். கல்லாவில் உட்கார்ந்து பழைய ஏடுகளைப் படிக்கிறவன், இதையா கேட்பேன் என்ற நினைப்பு. அமிதசாகரர் அசை, சீர், தளை என்று எண்ணி எண்ணிக் கட்டியதற்கும் இந்தப் பேட்டைப் பேச்சுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு நண்பரிடம் வாதாடியதுகூட ஞாபகம் இருக்கிறது. பின்னால் ஒருநாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சீர் பிசகாமல்தான் ஓடுகிறது. நண்பரிடம் அதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருஷம் ஆயிற்று.

அப்போது கொழிஞ்சாம்பாறையில் எனக்குக் கடை போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைவீதியில் பேச்சு பெரும்பாலும் தமிழ். பொள்ளாச்சியும் கோவையும் கைக்கெட்டும் தூரம். என்னை மலையாளிகள் 'சேட்டு' என்பார்கள். ஜைனன் என்றால் வடநாட்டான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். "ஐயா, நான் வந்தவாசிக்காரன், தமிழ்தான் தாய்மொழி" என்று சொன்னால், "அப்போள் சேட்டன்" என்று சிரிப்பார்கள். சரக்கு எடுப்பது பொள்ளாச்சியில், விற்பது கேரளத்தில், வரி கட்டுவது பாலக்காட்டில். எல்லைக்காரன் பிழைப்பு அப்படி.

என் கடைக்குப் பக்கத்துக் கடை கேசட் கடை. கண்ணாடி அலமாரி நிறைய கேசட், உள்ளே ஒரு மேஜை, மேஜையில் இரண்டு டேப் ரிக்கார்டர். வாசலில் 'ரெக்கார்டிங் சென்டர்' என்ற போர்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நீங்கள் ஒரு தாளில் உங்களுக்கு வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுப்பீர்கள். ஒரு காலி கேசட்டும் கொடுப்பீர்கள், அறுபது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ. இரண்டு நாள் கழித்துப் போனால் அந்தப் பாட்டுகள் மட்டும் அந்த வரிசையில் பதிந்து தயாராக இருக்கும். சட்டப்படி இது குற்றம், 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பாட்டுப் போட்டவருக்கும் எழுதியவருக்கும் கம்பெனிக்கும் அதிலிருந்து ஒரு பைசா போகாது. எங்கள் சமயத்தில் கள்ளாமை ஐந்து விரதங்களில் ஒன்று. ஆனாலும் நானும் அங்கே பதிந்து வாங்கியிருக்கிறேன். சீர்காழி பாட்டுகள் ஒரு கேசட், பி.சுசீலா ஒரு கேசட். பாவக் கணக்கில் இரண்டு.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1994இல் 'காதலன்' கேசட் எத்தனை விற்றது என்று கம்பெனிக்குத் தெரியும். ஆனால் நம் ஊரில் பாட்டு தனியாக விற்பனைக்கு வருவதில்லை. படம் மொத்தமும் ஒரே கேசட். அதை வாங்கியவர் 'என்னவளே'க்காக வாங்கினாரா, 'முக்காலா'வுக்காகவா, 'ஊர்வசி'க்காகவா, 'பேட்டை ராப்'புக்காகவா என்று எந்தக் கம்பெனிப் பேரேட்டிலும் எழுத முடியாது. அமெரிக்க விதிப்படி பார்த்தால் நம் சினிமாப் பாட்டு எதுவுமே தனிப் பாட்டுப் பட்டியலுக்குத் தகுதி இல்லாதது. ஆக, 'பேட்டை ராப் நம்பர் ஒன்' என்று நான் பேரனிடம் சொன்னதற்கு ஆதாரம் இல்லாததற்குக் காரணம் யாரோ ஏட்டைத் தொலைத்தது அல்ல. அப்படி ஓர் ஏடு எழுதப்படவே இல்லை.

டெல்லிக்காரர்கள் எழுதிய ஓர் ஏடு உண்டு, தேசிய விருதுப் பட்டியல். 1994ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகர் விருது 'என்னவளே' பாடிய பி.உன்னிகிருஷ்ணனுக்குக் கிடைத்தது. பாலக்காட்டில் பிறந்தவர் என்று இங்கே கொண்டாடினார்கள், நியாயம்தான். அருமையான பாட்டு. பேட்டையில் இருந்தவர்களுக்கு அந்த ஏட்டில் இடம் கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. விருது என்பது ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து சொல்லும் தீர்ப்பு, தரவரிசை என்பது காசு கொடுத்தவர்களை எண்ணும் கணக்கு. இரண்டையும் குழப்பக் கூடாது.

பாட்டுப் பாட்டாக எண்ணிய ஒரே இடம் எது என்றால், அந்த ரெக்கார்டிங் கடைதான். ஜனங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளைக் கடைக்காரர் ஒரு கோணி ஊசிக் கம்பியில் குத்தி வைப்பார், கறிக்கடையில் பில் குத்துவது போல. கம்பி நிறைந்தால் ஒரு நோட்டில் ஒட்டி வைப்பார். சீட்டு தொலைந்தால் சண்டைக்கு வருவார்கள் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒவ்வொரு சீட்டிலும் ஒருவர் தன் காசுக்குத் தானே தேர்ந்தெடுத்த பாட்டுகள். யாரும் தள்ளிவிட்டது இல்லை, கூட வாங்கினால் இலவசம் என்பதும் இல்லை. ஒரு பாட்டுக்காரனும் காசு பார்க்காத அந்தத் திருட்டுப் பதிவுக் கடையில்தான் நேர்மையான கணக்கு இருந்தது. இதை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு பக்கம் இடுக்கி. என் மைத்துனர் குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்தார். நோன்பி, விசேஷம் என்று அங்கே போகும்போதெல்லாம் விடியற்காலையில் ஜீப் சத்தத்தில்தான் முழிப்பு வரும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தமிழ்ப் பெண்கள் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத் தோட்டத்து வேலைக்கு மலையேறுவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணினால் நம்ப மாட்டீர்கள், பின்படியில் தொங்கிக்கொண்டும் வருவார்கள். மாலையில் திரும்ப இறக்கம். அந்த ஜீப்புகளில் டேப் ஓடும். 1994 கடைசியிலும் மறு வருஷமும் அங்கே திரும்பத் திரும்பக் கேட்டது 'காதலன்'தான், அதிலும் ஏற்றத்தில் எஞ்சின் முனகும்போது டிரைவர்கள் போட்டது 'பேட்டை ராப்'. தூங்கிவிடாமல் இருக்க இதுதான் நல்லது என்று ஒரு டிரைவர் மைத்துனரிடம் சொன்னாராம்.

அந்த ஒரு கேசட்டை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, போகவும் வரவும், ஜீப் நிறைய ஆட்கள் கேட்டார்கள். எண்ணிக்கையில் அது என்ன? ஒரு கேசட். அதுவும் கம்பத்தில் வாங்கியிருந்தால் தமிழ்நாட்டு விற்பனை, குமுளியில் வாங்கியிருந்தால் கேரள விற்பனை, ரெக்கார்டிங் கடையில் பதிந்திருந்தால் பூஜ்யம். பெரும்பாலும் பதிந்ததுதான். 1956 நவம்பர் 1 அன்று கோடு கிழித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் என்று பெரிய சண்டை நடந்தது நமக்குத் தெரியும். கோடு கிழித்த பிறகு கோட்டின் மேல் நிற்பவர்களை இரண்டு பக்கமும் எண்ண மறப்பதுதான் வழக்கம். வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் கார்டிலும் அந்த அனுபவம் நம் சங்கத்தில் பல பேருக்கு உண்டு. பாட்டிலுமா என்று கேட்டால், ஆமாம், பாட்டிலும்தான்.

நடுவில் ஒரு வேடிக்கை. 2014 ஜூலையில் இங்கிலாந்தின் அதிகாரபூர்வத் தரவரிசையில் வில் ஐ ஆம் என்ற அமெரிக்க ராப் பாடகரும் கோடி வைஸ் என்பவரும் பாடிய ஒரு பாட்டு முதலிடத்தைப் பிடித்தது. பிறந்த நாள் பாட்டு. கேட்டுப் பாருங்கள், மெட்டு 'காதலன்' படத்து 'ஊர்வசி ஊர்வசி'. 1994இல் ரஹ்மான், சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது பாடியது. இருபது ஆண்டு கழித்து, வேறு நாட்டில், வேறு பாஷையில், வேறு பெயரில் போய்த்தான் அந்த மெட்டுக்கு ஓர் அதிகாரபூர்வமான 'நம்பர் ஒன்' கிடைத்தது. சொந்த ஊரில் அதற்கு எண்ணே கிடையாது. ஷாகுல் ஹமீது இதைப் பார்க்க இல்லை. 'காதலன்' வந்து சில ஆண்டுகளிலேயே சாலை விபத்தில் போய்விட்டார்.

நமக்கு எண்கள் வந்தது இணையம் வந்த பிறகு. 2011 நவம்பர் 16இல் 'கொலவெறி' யூடியூபில் வெளியாயிற்று. அது ராப் அல்ல, ஆனால் பாதிப் பேச்சுதான். அனிருத்துக்கு முதல் படம், '3'. உலகம் முழுக்கப் பரவியது. அதற்குள் ஒரு படத்தில் ஐந்து பாட்டு இருந்தால் ஐந்துக்கும் தனித்தனி எண் தெரிகிற காலம் வந்துவிட்டது. 'மாரி 2' படத்து 'ரவுடி பேபி' 2020 நவம்பர் 16இல், 'கொலவெறி' வந்த அதே தேதியில், நூறு கோடிப் பார்வையைத் தாண்டிய முதல் தென்னிந்தியப் பாட்டாயிற்று. அதற்கு ஆட்டம் அமைத்தவர் யார்? பிரபுதேவா! பேட்டையில் ஆடியவர்தான்.

எண் வந்தால் பொய்யும் வரும், இது வியாபார இயற்கை. 2019 ஜூலையில் பாட்ஷா என்ற இந்தி ராப் பாடகரின் ஒரு பாட்டுக்கு ஒரே நாளில் 7.5 கோடிப் பார்வை என்று அவர் தரப்பில் அறிவித்தார்கள், உலக சாதனை என்று. விளம்பரத்துக்குக் காசு கொடுத்து ஓட்டிய பார்வையும் அதில் சேர்ந்திருந்தது. யூடியூப் அந்தச் சாதனையைக் கொண்டாடவில்லை. செப்டம்பரில் விதியையே மாற்றி, விளம்பரமாக ஓடும் பார்வைகளைத் தரவரிசையில் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது. என் கடைப் பையன் பரணிலிருந்த சரக்கைச் சொன்ன கதைதான், கொஞ்சம் பெரிய கடை.

இப்போது பேரனின் 'குதந்திர'த்துக்கு வருகிறேன். 'மஞ்சும்மல் பாய்ஸ்' 2024 பிப்ரவரி 22இல் வந்தது. கொச்சிக்குப் பக்கத்து மஞ்சும்மல் ஊர்ப் பையன்கள் 2006இல் கொடைக்கானல் குணா குகைக்குப் போனபோது ஒருவன் குழிக்குள் விழுந்து, நண்பன் இறங்கித் தூக்கி வந்த உண்மைக் கதை. பாதிப் படம் தமிழ்நாட்டில், பாதிப் பேச்சு தமிழில். டப்பிங் செய்யாமலே தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது, அதுவரை எந்த மலையாளப் படமும் அங்கே செய்யாதது. இசை சுஷின் ஷியாம். 'குதந்திரம்' எழுதிப் பாடிய வேடன் திருச்சூர்ப் பையன். அவருடைய தாயார் யாழ்ப்பாணத் தமிழர். வேலை செய்து வியர்த்த உடம்பைப் பற்றியும் பிழைப்பைப் பற்றியும் உள்ள பாட்டு. மலையாளம் சரியாகத் தெரியாத என் மனைவிக்கே பாதி புரிந்தது. அவர் மீதுள்ள வழக்குகளைக் காட்டி விருதுக்கு எதிர்ப்பும் எழுந்தது. அது நீதிமன்றம் பார்க்க வேண்டிய வேலை, கடைக்காரன் பார்ப்பது கணக்கு மட்டும். பாட்டு வந்த நாளிலிருந்து எத்தனை தரம் கேட்கப்பட்டது என்பது தனி எண்ணாகப் பதிந்து இருக்கிறது. இடுக்கி மலையில் ஓடும் ஜீப்பில் ஒரு பையன் கைப்பேசியில் போட்டாலும் அது ஒன்றாக ஏறும். முப்பது ஆண்டில் நடந்த மாற்றம் இதுதான். ஜீப்பில் இருப்பவரும் இப்போது கணக்கில் உண்டு, ஜீப்புக்கு ஒன்று என்ற அளவிலாவது.

அதே படம் இன்னொன்றும் செய்தது. 1991 தீபாவளிக்கு வந்த 'குணா' படத்து 'கண்மணி அன்போடு' பாட்டை முப்பத்து மூன்று வருஷம் கழித்துத் திரும்ப எல்லோர் வாயிலும் வைத்தது. அதுவும் பேச்சும் பாட்டும் கலந்ததுதான், கவனித்தீர்களா? 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து படக்காரர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது, அனுமதி வாங்கவில்லை என்று. பல பேர் அவரைக் குறை சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். 2012இல் சட்டத்தைத் திருத்தி, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று ஆக்கிய பிறகு, பாட்டுக்குப் பாட்டு எண்ணுவது வெறும் பெருமைக்கான வேலை இல்லை. எண்ணுவது யாருக்குப் பணம் போகும் என்று தீர்மானிக்கிறது. பதிந்து வாங்கிய இரண்டு கேசட்டுக்கு நான் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றுகூட அவ்வப்போது யோசிப்பதுண்டு. எண்ணியிருந்தால்தானே கொடுக்க!

'பேட்டை ராப்' பெயரிலேயே 2024 செப்டம்பரில் ஒரு படம் வந்தது, பிரபுதேவாவே கதாநாயகர். பாட்டு முப்பது ஆண்டு உயிரோடு இருந்தது என்பதற்கு எழுத்தில் உள்ள சாட்சி இப்போதைக்கு அதுதான்.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய ரெக்கார்டிங் கடைக்காரரைத் தேடிப் போனேன். வேலந்தாவளம் பக்கம் மகளோடு இருக்கிறார், கண் சரியாகத் தெரியவில்லை. "ஏனுங்க நயினாருங்க, போலீசு கீலீசு வந்துருமா?" என்று முதலில் பயந்தார். விஷயம் சொன்னதும் சிரித்தார். நோட்டுகளில் பெரும்பாலானவை கரையான் தின்று போயின. ஒன்றைப் பேத்தி கொண்டு வந்தாள். பசை காய்ந்து சீட்டுகள் உதிர்ந்தன. சிகரெட் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம், லாட்டரிச் சீட்டு, எதில் எழுதவில்லை! தமிழ் எழுத்தில் சில, மலையாள எழுத்தில் தமிழ்ப் பாட்டின் பெயர் சில. ஐந்தாறு கை எழுத்துகளில் 'பேட்டை ராப்' இருந்தது. ஒரு சீட்டில் அது மட்டும், இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்று எழுதியிருந்தது, கீழே 'லாரி, வாளையார்' என்று அடையாளம்.

அந்தச் சீட்டைப் பேரனுக்குக் காட்டக் கேட்டேன். "கொண்டு போங்க, ஆனா திருப்பிக் கொண்டாந்து குடுத்துருங்க. அந்த ஆளு இன்னும் காலி கேசட்டு குடுக்கோணும்" என்றார்.